பனிக்கஞ்சி கலவாத நீர்: சார்லஸ் காட்டனின் குளிர்மாதத் தூண்டிற் குறிப்புகள்

ஐசக் வால்டன் எழுதிய ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ என்னும் நூல் 1653-இல் லண்டனில் முதன்முதலாக அச்சேறியது. 1676-இல் அதன் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தபோது இரண்டாம் பாகம் ஒன்றும் அதனுடன் சேர்க்கப்பெற்றது. அதனை எழுதியவர் வால்டனின் இளைய நண்பராகிய சார்லஸ் காட்டன் (1630-1687). ஸ்டாஃபர்ட்ஷயருக்கும் டார்பிஷயருக்கும் எல்லையாக ஓடும் டவ் ஆற்றின் கரையில், பெரஸ்ஃபோர்டு மாளிகையில் வாழ்ந்த நிலக்கிழார் அவர், கவிஞரும்கூட. மொழிபெயர்ப்புத் துறையினர் அவரை வேறொரு வகையில் அறிவர். மான்டேனின் கட்டுரைகளைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலமாக்கி 1685-இல் வெளியிட்டவர் அவரே. மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. 1674-இல் ஆற்றோரம் அவர் கட்டிய சிறிய மீன்பிடி மனை இன்றும் நிற்கிறது.

காட்டன் எழுதிய பாகம் தெளிந்த நீரில் டிரவுட், கிரேலிங் என்னும் இருவகை மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் முறையை உரையாடல் வடிவில் கற்பிக்கிறது. அதன் நடுவே மாதவாரியான பட்டியல் ஒன்று இடம்பெறுகிறது. எந்த மாதத்தில் எந்தப் பூச்சியின் உருவைச் செய்து நீரில் இடவேண்டும், அதற்கு எந்த மயிர், எந்த இறகு வேண்டும் என்பதை அது கூறும். அப்பட்டியலில் குளிர்மாதங்களுக்குரிய பதிவுகள் சில வரிகளுக்கு மேல் இல்லை. ஆயினும் நூல் முழுவதிலும் மொழிபெயர்ப்பாளரை மிகுதியாக இடறச் செய்யும் வரிகள் அவையே. மாதப்பெயர், நிறப்பெயர், பூச்சிப்பெயர், நீரின் நிலையைக் குறிக்கும் பெயர் ஆகிய எவையும் அவ்வரிகளில் அகராதிப் பொருளோடு நிற்பதில்லை.

இம்முறையைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். தமிழில் தூண்டில் என்றவுடன் முள், அதில் கோத்த புழு, மேலே மிதக்கும் தக்கை என்பனவே நினைவுக்கு வரும். இங்கு முள்ளில் உயிர் இரை இல்லை. முள்ளின் தண்டில் மயிரும் இறகும் நூலும் சுற்றி, நீர்மேல் வந்தமரும் பூச்சியைப் போன்ற ஓர் உரு செய்யப்படுகிறது. அவ்வுருவையும் ஆங்கிலம் ‘ஈ’ என்ற பொருளுடைய சொல்லாலேயே அழைக்கிறது. உயிருள்ள பூச்சிக்கும் அதன் போலிக்கும் ஒரே பெயர் வழங்குவதால், காட்டன் ஒரு வரியில் எதனைச் சொல்கிறார் என்பது சில இடங்களில் ஐயத்துக்கிடமாகிறது. போலியைப் ‘பொய்யீ’ என்று தமிழில் பிரித்து வழங்கினால் பெரும்பாலான இடங்களில் தெளிவு கிடைக்கும். தெளிவு கிடைக்காத இடங்களில் மூலமும் தெளிவற்றே உள்ளது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பொய்யீ ஆங்கிலேயர் கண்டதன்று. கி.பி. 200-ஐ ஒட்டிக் கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்னும் ஆற்றில் மக்கள் சிவப்புக் கம்பளி நூலை முள்ளிற் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழ் வளரும் மெழுகுநிற இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததை விவரிக்கிறார். அம்மீன்கள் புள்ளித்தோல் உடையவை என்று சொல்லும் அவர், அவற்றின் பெயரை மட்டும் கூறவில்லை. அதை மாசிடோனியரிடமே கேட்டுக்கொள்ளுமாறு விட்டுவிடுகிறார். வட்டார மீன்பெயர் ஒன்றைப் பெயர்க்க முயன்று தவறிழைப்பதினும் இது நேர்மையான வழி. பின்வந்தோர் அம்மீனை டிரவுட் என்றே கொண்டனர்.

ஆங்கிலத்தில் இத்துறையின் தொன்மையான அச்சுநூல், 1496-இல் விங்கின் டி வோர்டு பதிப்பித்த தொகுப்பில் அடங்கிய தூண்டில் பற்றிய உரை. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண்மணி எழுதியதாக அது வழங்கிவரினும் அதற்குப் போதிய சான்றில்லை. அதில் பன்னிரண்டு பொய்யீக்கள் மாதவாரியாகத் தரப்பட்டுள்ளன. பட்டியல் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. குளிர்காலம் அங்கே வெற்றிடம். காட்டனின் பட்டியலோ ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை ஒரு மாதத்தையும் விடாமல் செல்கிறது. இந்த வேறுபாடு பொய்யீக்களின் எண்ணிக்கை பற்றியது மட்டுமன்று. மீன் எழாத காலம் என்று கருதப்பட்டதைப் பற்றியும் சொல்வதற்கு ஒன்றுண்டு என்ற எண்ணம் இங்கே தெரிகிறது.

ஜனவரிக்குக் காட்டன் இரண்டு பொய்யீக்களைக் கூறுகிறார். ஒன்று செம்பழுப்பு நிறமுடையது. அதற்குரிய மயிர் நீண்ட உரோமமுள்ள கறுப்பு நாயின் வாலிலிருந்து எடுக்கப்பட வேண்டும். குளிரில் கைகளை நுழைத்துக்கொள்ளும் மயிருறைகளை அக்காலத்தில் அவ்வகை நாய்த்தோலில் செய்தனர் என்ற செய்தியும் இடையில் கிடைக்கிறது. கறுப்பு நாயின் வால்மயிர் ஏன் செம்பழுப்பாகும் என்று மொழிபெயர்ப்பாளர் திகைக்க வேண்டியதில்லை. அத்தகைய நாயின் வால்மயிர் நிறம் மாறிச் செம்பழுப்பாகும் என்று அவரே குறிக்கிறார். மற்றொன்று, இயன்ற அளவு சிறிதாகச் செய்யவேண்டிய ஒரு சிற்றீ. மார்ட்டென் என்னும் கீரியை ஒத்த விலங்கின் மயிரும் முயல்வாலின் வெண்மயிரும் கலந்து அதற்கு உடல் அமைக்கப்படும். அது மிகச் சிறியதாகையால் முள்ளை ஒட்டிய பகுதியில் குதிரைவால் மயிர் ஒற்றை இழைக்கு மேல் இருத்தலாகாது என்கிறார்.

அதன்பின் காட்டன் கூறுவது வணிகம் பேசும் தூண்டில் நூல்களில் காணக்கிடைக்காத நேர்மை. இம்மாதத்தில் கிரேலிங்கைத் தவிர வேறெதுவும் எழாது. அதிலும் ஓர் அடிக்கு மேற்பட்ட மீன் பொய்யீயில் பிடிபட்டதைத் தாம் கண்டதில்லை. ஆனால் வெதுவெதுப்பான நாளில், வெயில் நன்றாகக் காயும்போது, சிறு மீன்களை வேண்டிய அளவு பிடிக்கலாம் என்பது அவர் தரும் செய்தி.

இதன் உண்மையை இன்றைய உயிரியல் தெளிவாக விளக்கும். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவது. பழுப்பு டிரவுட்டைப் பற்றி விண்டர்மியரில் நீண்டகாலம் ஆய்வு செய்த ஜே. எம். எலியட்டின் முடிவுகளின்படி, நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அம்மீனின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. 13 பாகை அளவில் அது உச்சத்தை அடைகிறது. 19 பாகையைக் கடந்தால் மீண்டும் நிற்கிறது. மேலும் பழுப்பு டிரவுட் இலையுதிர்காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடுவது. ஜனவரியில் அது மெலிந்து, ஒதுங்கிக் கிடக்கும். கிரேலிங் இளவேனிலில் முட்டையிடுவதால் குளிரில் கொழுத்திருக்கும். காட்டன் அதனைக் குளிர்கால மீன் என்று அழைப்பது இதனாலேயே. குளிர்ந்த நாளின் நண்பகலில் நீரிலிருந்து வெளிவரும் பூச்சிகளில் பெரும்பான்மை கடிக்காத சிற்றீ வகைகள். ஆகவே அவர் சொல்லும் சிறுமை அழகு கருதியதன்று. நீரில் உள்ளதைப் பின்பற்றியது. இங்குத் தமிழில் ‘கொசு’ என்று பெயர்த்தால் கடிக்கும் பூச்சி என்ற பொருள் ஏறிவிடும். சிற்றீ என்பதே போதும்.

ஆனால் எந்த ஜனவரி? இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று கொண்டு, இடையிலுள்ள 11 நாட்களை நீக்கினர். காட்டன் எழுதிய காலத்தில் இரு நாட்காட்டிகளுக்கும் இடைவெளி 10 நாள். அவருடைய ஜனவரி முதல் நாள் இன்றைய கணக்கில் ஜனவரி 11. அவருடைய ஜனவரி முடிவது பிப்ரவரி 10. மிகக் குறுகிய பகல் அவருக்கு டிசம்பர் 11-ஐ ஒட்டி வந்தது. கதிரவன் வடக்கே திரும்புவது ஒரு நாளும் உத்தராயணத்தின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் தை முதல் நாள் வேறொரு நாளுமாக இருப்பதைப் பழகிய தமிழருக்கு இது வியப்பளிக்காது. வியப்பளிப்பது, பல மறுபதிப்புகள் இதனை ஓர் அடிக்குறிப்பாகவேனும் சொல்லாமல் விட்டிருப்பதே.

பத்து நாள் பெரிய வேறுபாடா என்று கேட்கலாம். இலக்கியத்தில் இல்லை, ஆற்றங்கரையில் உண்டு. பச்சை டிரேக் என்று காட்டன் அழைக்கும் பெரிய பூச்சி மே 20-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ தோன்றும் என்று அவர் குறிக்கிறார். அது இன்றைய மே 30. இன்றும் அப்பூச்சி மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலுமே பெருகக் காணப்படுகிறது. மே 20 என்பதை அப்படியே கொண்டு, பதினேழாம் நூற்றாண்டில் வேனில் இன்றையதினும் முன்னதாக வந்தது என்று எவரேனும் முடிவு கட்டினால், அது வெறும் நாட்காட்டிப் பிழையின் மேல் எழுப்பிய முடிவாகும். அந்நூற்றாண்டோ கடுங்குளிருக்குப் பேர்பெற்றது. 1683-84 குளிர்காலத்தில் தேம்ஸ் ஆறு உறைந்து, அதன்மேல் சந்தை கூடியது.

இதனோடு தொடர்புடைய இன்னொரு சிறு கண்ணியும் உண்டு. நூலுக்கு முன்னர் வைக்கப்பட்ட, வால்டனுக்கு எழுதிய கடிதத்தில் காட்டன் இட்ட நாள் மார்ச் 10, 1675-6. இது ஈராண்டுக் காலத்தைக் குறிப்பதன்று. சட்டமுறைப்படி ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், ஜனவரி முதல் அந்நாள் வரையுள்ள நாட்களுக்கு இரட்டை ஆண்டு எழுதுவது வழக்கம். தமிழில் 1676 என்று எழுதினால் போதுமானது.

மாதங்களைப் பற்றி மேலும் ஒன்று நோக்கத்தக்கது. செப்டம்பருக்கு வந்ததும் காட்டன் பின்னோக்கித் திரும்புகிறார். செப்டம்பரில் ஏப்ரலின் பொய்யீக்கள், அக்டோபரில் மார்ச்சினுடையவை, நவம்பரில் பிப்ரவரியினுடையவை என்பது அவர் முறை. சோம்பலால் சுருக்கினார் என்று இதனை ஒதுக்க இயலாது. நீர் குளிரும்போது கடந்து செல்லும் வெப்பநிலைகள், அது வெதுவெதுப்பாகும்போது ஏறிவந்த அதே நிலைகள்தாம். கருமையான ஆலிவ் நிறமுடைய ஒருவகை நீர்ப்பூச்சி இளவேனில் தொடக்கத்திலும் இலையுதிர்காலத்திலும் என ஆண்டுக்கு இருமுறை வெளிப்படுவதையும் பூச்சியியல் பின்னர் உறுதிப்படுத்தியது. வெப்பமானி அவருடைய கையில் இல்லை. பூச்சிகளே அவருக்கு வெப்பமானியாக இருந்தன எனலாம்.

அடுத்தது நிறம். ஜனவரியின் சிற்றீக்கும் பிப்ரவரியின் பெரிய பொய்யீ ஒன்றுக்கும் காட்டன் வழங்கும் அடை ‘டன்’ என்பது. ஆங்கிலத்தில் இது மங்கிய சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தைக் குறிப்பது. குதிரைக்கும் மாட்டுக்கும் மிகுதியாக வழங்குவது. 1496-ஆம் ஆண்டு உரையிலும் இச்சொல் நிறப்பெயராகவே உள்ளது. பின்னர், நீரிலிருந்து அப்போதே வெளிவந்த, சிறகு முளைத்தும் முதிர்ச்சி எய்தாத பூச்சிகள் பலவும் இம்மங்கல் நிறத்தனவாக இருந்தமையால், தூண்டிற்காரர் வழக்கில் ‘டன்’ என்பது அவ்வளர்நிலையின் பெயராயிற்று. அது மீண்டும் தோலுரித்துப் பளபளக்கும் முதிர்நிலைக்கு வேறு பெயர். பூச்சிகளில் சிறகு பெற்ற பின்னரும் ஒருமுறை தோலுரிப்பது இவ்வினம் மட்டுமே என்பதால் இப்பிரிவு பயனுள்ள ஒன்று. ஆல்ஃபிரெட் ரொனால்ட்ஸ் 1836-இல் வெளியிட்ட நூல் தூண்டிற்காரரின் வழக்குப் பெயர்களையும் அறிவியற் பெயர்களையும் இணைத்தபோது இத்தகைய பொருள்மாற்றங்கள் நிலைபெறத் தொடங்கின.

இன்றைய தூண்டில் அகராதி ஒன்றைத் துணைக்கொண்டு காட்டனைப் பெயர்ப்பவர், அவர் நிறம் சொன்ன இடத்தில் வளர்நிலையை எழுதிவிடுவார். காட்டனுக்கு அது நிறமே. தமிழில் ‘சாம்பல்’ என்பதைவிட ‘மயிலை’ பொருந்தும். காளைகளின் நிறம் சொல்லும்போது செவலை, காரி என்பவற்றோடு வழங்கும் இச்சொல், ‘டன்’ என்பதைப் போலவே கால்நடை வளர்ப்போரின் வாயில் பிறந்தது. ஒரே சீரான வண்ணத்தைக் குறியாமல் மங்கலின் பல சாயல்களையும் தழுவி நிற்பது. நீலமயிலை, கருமயிலை என்று அடைகொடுக்கவும் இடந்தரும்.

‘மே ஈ’ என்பதும் இவ்வாறு பொருள் குறுகிய சொல். காட்டனிடம் அது மே மாதத்தில் சிறந்து விளங்கும் பொய்யீக்களின் பொதுப்பெயர். பச்சை டிரேக்கும் கல்லீயும் அதில் அடங்கும். இன்றோ அது ஓர் இனத்தின் பெயர். கல்லீ அதற்கு முற்றிலும் புறம்பானது. அவ்விரண்டும் நீரடியில் கூடு கட்டி வாழும் ஒருவகைப் புழுவிலிருந்து பிறக்கின்றன என்று காட்டன் எழுதியது பிழை. அப்பிழையை மொழிபெயர்ப்பில் திருத்துதல் கூடாது, குறிப்பில் சொல்லலாம். தமிழில் இவ்வினத்துக்கு ‘ஈசல்’ என்று எழுதும் ஆசை எழுவது இயல்பு. கூட்டமாகக் கிளம்புவதும் விரைவில் மடிவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் ஈசல் மண்ணிலிருந்து எழுவது. இது நீரிலிருந்து எழுவது. மீன் மேலெழுவதற்கான காரணமே அந்த ஒரு வேற்றுமையில் அடங்கியுள்ளது.

டிசம்பர்ப் பதிவே மிகக் கடினமானது. அம்மாதத்தில் பொய்யீ கொண்டு தூண்டிலிடுவோர் மிகச் சிலர் என்று தொடங்கும் காட்டன், அந்தக் குளிர்ந்த நாட்டிலும் சிற்சில வேளை வெதுவெதுப்பான நாள் வாய்ப்பதுண்டு, அப்போது ஒரு பழுப்புப் பொய்யீ பயன்படும் என்கிறார். கையில் வைத்துப் பார்த்தால் அதன் மயிர் சிவப்பாகத் தோன்ற வேண்டும். கண்ணுக்கும் கதிரவனுக்கும் இடையே பிடித்துப் பார்த்தால் மஞ்சளாகத் தோன்ற வேண்டும். மீன் கீழிருந்து ஒளியை நோக்கிப் பார்ப்பதால், ஊடுருவும் ஒளியில் தெரியும் நிறமே மீனுக்குரிய நிறம். இவ்விரு நிலைகளில் ஒன்றைச் சுருக்கத்துக்காக விட்டுவிட்டால் எஞ்சுவது பழுப்பு என்ற வெற்றுச் சொல்லே.

அடுத்து அவர் விதிக்கும் கட்டளை, நீர் தெளிந்திருக்க வேண்டும், அதில் ‘பனிக்கஞ்சி’ கலந்திருத்தல் ஆகாது என்பது. வெண்பனி உருகிப் பாதி நீராகவும் பாதி பனியாகவும் ஓடும் நிலையை மாமிச ரசம், கஞ்சி போன்றவற்றைக் குறிக்கும் சொல்லோடு இணைத்து ஆங்கிலம் அமைத்த தொகைச்சொல் இது. ஷேக்ஸ்பியர் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தில் ஒருவனுடைய குருதியின் குளிர்ச்சியைச் சொல்ல இதனை ஆண்டுள்ளார். ஆகவே காட்டன் புதிதாகப் புனைந்தது அன்று. ஆனால் நாடகத்தில் உவமையாக நின்ற சொல், இங்கே ஆற்றின் ஒரு நிலைக்குப் பெயராக நிற்கிறது.

இச்சொல்லை ‘குளிர்ந்த நீர்’ என்று பெயர்த்தால் கட்டளையே சிதைந்துவிடும். டிசம்பரில் நீர் எப்படியும் குளிர்ந்தே இருக்கும். காட்டன் விலக்கச் சொல்வது அதனையன்று. கரையிலும் மலைச்சரிவிலும் வெண்பனி கிடக்கும்போது ஒரு வெதுவெதுப்பான நாள் வந்தால் காற்று சூடேறும், பனி உருகும், ஏறத்தாழ சுழியப் பாகையிலுள்ள அந்த உருகுநீர் ஆற்றில் கலந்து, முந்திய உறைகுளிர் நாளினும் ஆற்றைக் குளிரச் செய்யும், கலங்கவும் செய்யும். கரையில் நிற்பவன் மேற்சட்டையைத் தளர்த்தும் அதே வேளையில் மீன் அடியில் அசைவற்றுக் கிடக்கும். எனவே வெதுவெதுப்பான நாள், பனிக்கஞ்சி இல்லாத நீர் என்னும் இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர்பவை அல்ல. பெரும்பாலும் ஒன்றையொன்று விலக்குபவை. இரண்டும் ஒருங்கே வாய்ப்பது பனி பெய்யாத அல்லது முன்னமே உருகி வடிந்துவிட்ட நாட்களில்தான். அவ்வாறு வாய்த்தாலும் அது ஒருவன் உழைப்புக்கு ஏற்ற பயனைத் தராது என்று காட்டன் முடித்துவிடுவதன் காரணமும் இதில் விளங்கும். மூலத்திலுள்ள அவ்விரு நிபந்தனைகளையும் ஒரே தொடரில் உருக்கி ‘தட்பவெப்பம் ஏற்றதாக இருப்பின்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பு, படிப்பதற்கு இனிதாக இருக்கலாம். காட்டன் அறிந்திருந்தது அதில் இராது.

தமிழில் இடர் மேலும் கூடுகிறது. ‘பனி’ என்ற ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், மூடுபனியையும், உறைபனியையும், வானிலிருந்து பெய்யும் வெண்பனியையும் குறிக்கிறது. பழைய வழக்கில் நடுங்குதலும் கண்ணீரும் இதன் பொருள்களே. தொல்காப்பியம் பெரும்பொழுதுகளுள் வைக்கும் முன்பனியும் பின்பனியும் துளிப்பனியின் பருவங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு ‘முன்பனி’, ‘பின்பனி’ என்று எழுதுவது ஓசைக்கு அழகு. ஆனால் டவ் ஆற்றங்கரையின் வெண்பனியை மார்கழிக் காலையின் புல்வெளியாக அது மாற்றிவிடும். மாதப்பெயரை அப்படியே வைத்து, தொகைச்சொல்லை முதலிடத்தில் ‘உருகிய வெண்பனியின் கஞ்சி’ என்று விரித்து, அடுத்து வருமிடங்களில் ‘பனிக்கஞ்சி’ என்று வழங்குவது ஏற்ற வழி. கஞ்சி என்னும் சொல் கெட்டியும் நீரும் கலந்த நிலையைத் தமிழர் கண்முன் உடனே நிறுத்தும். ‘பனியுருகு நீர்’ என்பது அறிவியல் நடைக்கு உகந்தது. ஆனால் அது தெளிநீரையும் குறிக்கக் கூடுமாதலால் இவ்விடத்துக்குப் போதாது.

இந்தியாவில் இவ்வினச் சொற்கள் பெயர்ந்து வந்த வரலாறு தனியே ஆராயத்தக்கது. டிரவுட் இந்நாட்டு ஆறுகளுக்குரிய மீன் அன்று. காஷ்மீருக்கு 1899-இல் அனுப்பப்பட்ட முட்டைகள் அழிந்தன. 1900-இல் வந்தவை பிழைத்தன. நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முயற்சிகள் வெற்றிபெறவில்லை. 1907-ஐ ஒட்டி எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தபின் வானவில் டிரவுட் நிலைபெற்றது. ஆனால் ஆங்கிலேயர் அதற்கு முன்னரே இந்திய மீன்கள் சிலவற்றை டிரவுட் என்று அழைத்துவந்தனர். இமயமலை ஆறுகளில் வாழும், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவகை மீனுக்கு ‘பனி டிரவுட்’ என்பது அவர்கள் இட்ட பெயர். குளிர்ந்த நீரில் வாழ்வதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. ஆகவே 1900-க்கு முற்பட்ட காஷ்மீரக் குறிப்பொன்றில் டிரவுட் என்று வந்தால் அது இக்கெண்டையினத்தையே சுட்டும். அதற்குப் பிற்பட்ட குறிப்புகளில் இடம்நோக்கியே துணிய வேண்டும்.

அக்காஷ்மீரத்து ஆறுகளில் காட்டனின் டிசம்பர்ச் சொல்லுக்கு வேறொரு காலம் வாய்த்துள்ளது. மலைமேல் தேங்கிய வெண்பனி அங்கே இளவேனிலின் பிற்பகுதியிலும் கோடைத் தொடக்கத்திலும் உருகி, ஆறுகளைப் பெருக்கிக் கலக்குகிறது. டவ் ஆற்றில் பொய்யீக்கு மிகச் சிறந்த காலமாகக் காட்டன் எழுதிய மே, ஜூன் மாதங்களே அவை. அவருடைய பட்டியலை மாதப்பெயர் மாறாமல் பின்பற்றி அங்குத் தூண்டிலிடச் செல்பவரை எதிர்கொள்வது, டிசம்பர்ப் பதிவில் அவர் விலக்கிய அதே நீர்.